முன்பணம் எவ்வளவு என்பதை வங்கி சொல்லக் கூடாது, வாடகை சொல்ல வேண்டும்!

வாடகை வீடு வாங்க நினைக்கும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

நெல்லுக்கு என்ன உரம், தென்னைக்கு என்ன மருந்து என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே, இப்போது வேறு மாதிரியான கேள்வியும் அடிக்கடி வருகிறது. 'டவுனில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. பத்து சதவிகிதம் கையில் இருந்தால் போதும், மீதியை வங்கியே கொடுக்கும் என்கிறார்கள். வருகிற வாடகையில் தவணையைக் கட்டிவிடலாமாம். வாங்கலாமா?' என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்படிக் கேட்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. மழை ஒரு வருடம் பொய்க்கிறது, ஒரு வருடம் கொட்டித் தீர்க்கிறது. விலை கிடைக்கும் வருடத்தில் விளைச்சல் இல்லை. விளைந்த வருடத்தில் விலை இல்லை. மாதம் பிறந்தால் நிச்சயமாக ஒரு தொகை கைக்கு வர வேண்டும் என்று விவசாயி ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால், அந்த ஆசைக்காக வாங்கும் கடனை யார் கட்டப் போகிறார்கள் என்பதில்தான் சிக்கல். வாடகை கட்டினால் நல்லது. வயல் கட்ட வேண்டி வந்தால், சில வருடங்களில் வயலே கைவிட்டுப் போகும். வேளாண் துறையில் இத்தனை ஆண்டுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: சாகுபடி நஷ்டத்தால் மட்டும் நிலத்தை விற்றவர்கள் குறைவு. சாகுபடிக்கு வெளியே வாங்கிய கடனுக்காக விற்றவர்கள்தான் அதிகம்.

எனவே, பேனா பேப்பரை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பத்து சதவிகிதம் என்பது எங்கிருந்து வருகிறது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வீட்டின் மதிப்பில் 90 சதவிகிதம் வரை வங்கி கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவிகிதம். அதற்கும் மேல் போனால் 75 சதவிகிதம். இது உச்சவரம்பு மட்டுமே. உங்கள் வருமானத்தையும், பழைய கடன்களையும், வீட்டின் வயதையும் பார்த்து இதைவிடக் குறைத்துக் கொடுக்க வங்கிக்கு உரிமை உண்டு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 9 சதவிகிதம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

25 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

• 10 சதவிகித முன்பணம்: 2,50,000 ரூபாய்
• பத்திரச் செலவு 9 சதவிகிதம்: 2,25,000 ரூபாய்
• வக்கீல் கருத்து, மதிப்பீடு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு, வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுதுகள்: சுமார் 75,000 ரூபாய்

மொத்தம் 5,50,000 ரூபாய். இரண்டரை லட்சம் போதும் என்று நினைத்து இறங்குகிறவருக்கு இன்னும் 3 லட்சம் தேவைப்படுகிறது. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்ட பிறகுதான் இது தெரியவரும். அந்த நேரத்தில்தான் வீட்டுப் பெண்களின் நகையும், பயிர்க்கடன் பணமும், கந்துவட்டியும் உள்ளே வருகின்றன.

வாடகை எவ்வளவு, தவணை எவ்வளவு?

அதே வீட்டுக்கு வங்கிக்கடன் 22,50,000 ரூபாய். வட்டி 9 சதவிகிதம், காலம் 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 20,250 ரூபாய். தாலுகா தலைநகரம் ஒன்றில் 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்கும்? நல்ல இடமாக இருந்தால் 8,000 ரூபாய் என்று வைப்போம்.

தவணைக்கும் வாடகைக்கும் இடையே மாதம் 12,250 ரூபாய் இடைவெளி. வருடத்துக்கு 1,47,000 ரூபாய். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 8,000 ரூபாய் குறையும். வீட்டு வரி, மோட்டார், குழாய், ஒழுகும் தளம் என்று இன்னொரு 8,000 ரூபாய். ஆக, வருடத்துக்கு 1,63,000 ரூபாய் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

ஒரு ஏக்கர் நெல்லில், எல்லாச் செலவும் போக 25,000 ரூபாய் கையில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றேகால் ஏக்கரில் குறுவை, தாளடி என இரண்டு போகமும் பழுதில்லாமல் எடுத்தால்தான் இந்தப் பள்ளம் நிரம்பும். அப்படியானால் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்ன வழி? ஒரு போகம் மூழ்கினால்?

'வீடு விலை ஏறுமே' என்பார்கள். ஏறலாம். ஆனால், தவணையை மாதாமாதம் கட்ட வேண்டும். ஏறிய விலை விற்கும்போதுதான் கைக்கு வரும். அந்த நாள் வரை தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நினைவில் வைக்க ஒரே ஒரு சூத்திரம்

ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு 9 சதவிகித வட்டியில், 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 1,014 ரூபாய். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். ஆகவே, 'நிகர வாடகை ஆயிரத்துக்குக் கடன் ஒரு லட்சம்' என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிகர வாடகை என்றால் கைக்கு வரும் முழு வாடகை அல்ல. காலியாக இருக்கும் நாட்கள், வரி, பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 8,000 ரூபாய் வாடகை என்றால் நிகரம் 6,400 ரூபாய். அந்த வீடு தாங்கக்கூடிய கடன் சுமார் 6,30,000 ரூபாய்தான். வங்கி 22 லட்சம் தருகிறேன் என்றாலும், அந்த வீட்டின் வாடகை அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது.

அதனால்தான் முன்பணத்தை முடிவு செய்ய வேண்டியது வங்கி அல்ல, வாடகை என்கிறேன். மொத்தச் செலவில், வாடகை தாங்கும் கடனைக் கழியுங்கள். மீதி உங்களிடம் கடனில்லாப் பணமாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால், அந்த வீடு இப்போதைக்கு உங்களுக்கு உரியது அல்ல.

குறைந்த முன்பணத்தில் நடக்கக்கூடிய வழி எது?

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வாங்குவதை விட்டுவிட்டு, கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். உங்களுக்கே ஊரில் நத்தம் மனை இருக்கலாம். அல்லது இருக்கும் வீட்டுக்கு மேலே மாடி எடுக்க அஸ்திவாரம் தாங்கலாம். பக்கத்தில் சிப்காட், கல்லூரி, மருத்துவமனை, நூற்பாலை என்று ஏதாவது ஒன்று இருந்து, வாடகைக்கு ஆள் வருகிற ஊராகவும் இருந்தால், மனைக்கு விலை கொடுக்க வேண்டாம். கிரயப் பத்திரச் செலவும் இல்லை.

400 சதுர அடியில் ஓர் அறை, சமையலறை, கழிப்பறையுடன் ஒரு போர்ஷன் கட்ட, சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 8 லட்சம் ரூபாய். தண்ணீர், மின் இணைப்பு, செப்டிக் டேங்க் ஆகியவற்றுக்கு ஒன்றரை லட்சம். மொத்தம் ஒன்பதரை லட்சம். வாடகை 4,500 ரூபாய் என்றால், நிகரம் 3,600. தாங்கும் கடன் மூன்றரை லட்சம். அதன் தவணை சுமார் 3,550 ரூபாய். கையிலிருந்து போட வேண்டியது 6 லட்சம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டவுன் வீட்டுக்கு உங்கள் கைப்பணம் ஐந்தரை லட்சம். அதோடு மாதம் 12,250 ரூபாய் துண்டு. சொந்த மனையில் ஒரு போர்ஷனுக்குக் கைப்பணம் 6 லட்சம். மாதத் துண்டு இல்லை. இரண்டாவது போர்ஷனை இப்போதே கட்ட வேண்டியதில்லை. அஸ்திவாரத்தை மட்டும் அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். முதல் கடன் பாதி அடைந்த பிறகு அடுத்ததைத் தொடங்கலாம். உங்கள் ஊர் கூலி, ஜல்லி, கம்பி விலைக்கு ஏற்பத் தொகைகள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாகக் குடியிருப்பு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கட்டினால் வீட்டுக்கடன் கிடைப்பது கடினம். வயலில் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிலப் பயன்பாட்டை மாற்றாமல் நஞ்சையில் எழுப்பும் கட்டடத்துக்கு அனுமதியும் சிக்கல், கடனும் சிக்கல்.

வயலை ஏன் வீட்டுக்கடனுக்கு ஏற்பதில்லை?

'நாலு ஏக்கர் பத்திரம் இருக்கிறது. அதை வைத்துக் கொடுக்கக் கூடாதா?' என்று பலர் வங்கியில் சண்டை போடுகிறார்கள். கடன் வாராமல் போனால், நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் ஒன்று 2002-ல் வந்தது. சர்ஃபாசி சட்டம் என்பார்கள். அதன் 31-வது பிரிவு, விவசாய நிலத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதனால்தான் வீட்டுக்கடனுக்கு வயலை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. இது உங்களுக்குப் பாதகம் அல்ல, பாதுகாப்பு.

வங்கி மறுத்ததும் தனியாரிடம் போகும்போது இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. சிலர் அடமானப் பத்திரத்துக்குப் பதிலாகக் கிரய அக்ரிமென்டோ, பவர் பத்திரமோ, நேரடிக் கிரயமோ எழுதித் தரச் சொல்வார்கள். 'பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் ரத்து செய்துவிடுவோம்' என்பார்கள். வாய்ச்சொல்லுக்குப் பத்திரத்தின் முன்னால் மதிப்பில்லை. கடனுக்காக நிலத்தைக் கிரயமாக எழுதிக் கேட்பவர் வாசலில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

முன்பணத்துக்கு எடுக்கக் கூடாத பணம்

பயிர்க்கடன்: கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவிகித வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவிகிதம்தான். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. இவ்வளவு மலிவான பணத்தை வீட்டில் போட்டால், விதைக்கும் உரத்துக்கும் வெளிக்கடன் வாங்க வேண்டும். கெடு தவறினால் வட்டிச் சலுகையும் போகும்.

வாடகை அட்வான்ஸ்: பத்து மாத அட்வான்ஸ் வாங்கி முன்பணக் கடனை அடைப்பவர்கள் உண்டு. அட்வான்ஸ் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் மொத்தமாகக் கேட்பார்.

ஒத்தி, போக்கியம்: 4 லட்சம், 5 லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் வீட்டை விடுவது. வாடகையும் வராது, வங்கித் தவணையும் ஓடும், கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். வங்கி அடமானத்தில் உள்ள வீட்டை, வங்கிக்குத் தெரியாமல் போக்கியத்துக்கு விடுவது கடன் நிபந்தனைக்கும் எதிரானது.

டெல்டாவில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இந்த மூன்றும் சேர்ந்து நடந்தது. சங்கக் கடனையும் நகைக்கடனையும் சேர்த்து முன்பணம் கொடுத்தார்கள். வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு நகையை மீட்டார்கள். மூன்றாம் வருடம் போக்கியப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சம்பா தண்ணீரில் நின்றது. வாய்க்காலை ஒட்டிய முக்கால் ஏக்கர் போனது. வீடு இருக்கிறது. ஆனால், அந்த வாடகையை நம்பி விவசாயத்தைத் தொடர்வதற்குத்தானே வீட்டை வாங்கினார்கள்!

வட்டி ஏறினால்?

பெரும்பாலான வீட்டுக்கடன்கள் மாறும் வட்டியில்தான் வழங்கப்படுகின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதம் வரை ஏறியது. 20 லட்சம் ரூபாய் கடனுக்கு 20 ஆண்டுக் காலத்தில், 7 சதவிகித வட்டியில் தவணை சுமார் 15,500 ரூபாய். 9.5 சதவிகிதமானால் சுமார் 18,640 ரூபாய். வாடகை அந்த வேகத்தில் ஏறாது. ஆகவே, இன்றைய வட்டி குறைவாக இருந்தாலும், 9 அல்லது 9.5 சதவிகிதத்தில் கணக்குப் போட்டுத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, தவணை மாதாமாதம் வரும். நெல் வருடத்தில் இரண்டு முறைதான் வரும். ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனியாக வைப்புநிதியில் போட்டு வைத்த பிறகே பத்திரம் எழுதப் போங்கள். அறுவடைப் பணம் மொத்தமாக வரும்போது அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

பார்க்க வேண்டிய பத்திரங்கள்

மூலப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது ஆகியவற்றைப் பாருங்கள். வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்பதோடு நிற்காமல், உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை.

கடன் கேட்கப் போகும்போது சிட்டா, அடங்கல், வருமானச் சான்று ஆகியவற்றோடு, பால் சங்கப் பணம், கரும்பு ஆலைப் பணம், கொள்முதல் நிலையப் பணம் வரவான வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கையில் வாங்கிய வியாபாரிப் பணத்துக்கு வங்கியில் சாட்சி இல்லை. மகனையோ மகளையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் கடன் கூடும். ஆனால், நாளை அவர்கள் தங்களுக்கென்று வீட்டுக்கடன் கேட்கும்போது இந்தக் கடனும் அவர்கள் கணக்கில் நிற்கும். அவர்களிடம் கலந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மனைவி பெயரில் பதிவு செய்தால் சலுகை உண்டா?

பதில்: உண்டு. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள வீடு, மனை, விவசாய நிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

கேள்வி: பத்திரத்தில் விலையைக் கூட்டிக் காட்டினால் முன்பணமே இல்லாமல் முழுத் தொகையும் கடனாக வாங்கித் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். வங்கிக்குப் பொய் விலை காட்டுவது மோசடி. கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். வழக்கு வந்தால் புரோக்கர் உடன் வரமாட்டார். கூட்டிக் காட்டிய விலைக்குப் பத்திரச் செலவும் கூடும், தவணையும் கூடும்.

கேள்வி: அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டி வாடகைக்கு விடலாமா?

பதில்: பிரதம மந்திரி வீடு திட்டமானாலும், கலைஞரின் கனவு இல்லம் ஆனாலும், வீடில்லாதவர்களும் குடிசையில் இருப்பவர்களும் சொந்தமாகக் குடியிருப்பதற்காகத் தரப்படுபவை. வாடகைத் தொழிலுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

கேள்வி: வாடகை வந்தால் பி.எம்.கிசான் பணம் நின்றுவிடுமா?

பதில்: வாடகை வாங்குவதால் மட்டும் நிற்காது. முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. வீட்டு வாடகை விவசாய வருமானம் ஆகாது. என்றாலும், வாடகையில் வீட்டு வரி போக 30 சதவிகிதமும், கடன் வட்டியும் கழிக்கப்படும் என்பதால், ஒன்றிரண்டு போர்ஷன் வைத்திருப்பவர்களில் பலருக்கு வரி வராது.

கேள்வி: தெரிந்தவர்தானே என்று வாய்மொழியாக வாடகைக்கு விடலாமா?

பதில்: கூடாது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, நகரப் பகுதிகளில் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. கிராமத்திலும் எழுதி வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

கேள்வி: கடன் முடிந்த பிறகும் பத்திரத்தைத் தராமல் இழுத்தால் என்ன செய்வது?

பதில்: கடன் முழுவதும் கட்டி முடித்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். அடமானப் பதிவை ரத்து செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கடன் உண்மையில் முடிந்தது என்று அர்த்தம்.